பள்ளிக்கூட பஸ்சுக்கு போலீஸ் காவல்!

முன்னால் போலீஸ் மோட்டார் சைக்கிள். பின்னால் போலீஸ் மோட்டார் சைக்கிள். நடுவே மஞ்சள் நிற பஸ். உள்ளே யார்? மந்திரியா, கைதியா? இரண்டு பேருமில்லை. புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள்!

இது நடந்தது அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்தில். 1974-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 12-ந்தேதி அங்கே பள்ளிக்கூடம் திறந்தார்கள். சவுத் பாஸ்டன் என்பது வெள்ளைக்காரர் பேட்டை. அங்குள்ள உயர்நிலைப் பள்ளிக்கு ராக்ஸ்பரி என்ற கறுப்பர் பேட்டையிலிருந்து பிள்ளைகளை பஸ்சில் அழைத்து வந்தார்கள். வாசலில் பெரிய கும்பல். கூச்சல், ஏச்சு. சாயங்காலம் பிள்ளைகள் வீடு திரும்பும்போது பஸ் மீது சரமாரியாகக் கல் விழுந்தது. ஜன்னல்கள் நொறுங்கின. கண்ணாடிச் சில்லு குத்தி சில பிள்ளைகளுக்கு ரத்தம் வந்தது.

அவர்கள் செய்த குற்றம் என்ன? பக்கத்துப் பேட்டையில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் படிக்கப் போனார்கள். அவ்வளவுதான்.

"அமெரிக்காவில் நடந்த பழைய கதை, நமக்கென்ன?" என்று கேட்கத் தோன்றும். விஷயம் இருக்கிறது. அதே காலத்தில் நாட்டின் மறு கோடியில் இன்னொரு ஊரில், இதேபோன்ற பள்ளிக்கூட பஸ்சில் தினமும் ஏறிப்போன ஒரு சிறுமியின் தாய், தமிழ்க் குடும்பத்துப் பெண்!

மன்னார்குடி பக்கத்துப் பேத்தி

அந்தச் சிறுமிதான் பிற்பாடு அமெரிக்காவின் துணை ஜனாதிபதியான கமலா ஹாரிஸ். அவருடைய தாத்தா பி.வி.கோபாலனுக்கு மன்னார்குடி அருகே உள்ள துளசேந்திரபுரம் சொந்த ஊர். கோபாலனின் மகள் சியாமளா, 1958-ல் 19 வயதில் தன்னந்தனியாகக் கடல் கடந்து கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவர். ஜமைக்கா நாட்டுக்காரரை மணந்தார். 1964-ல் கமலா பிறந்தார்.

2019 ஜூன் 27-ந்தேதி இரவு மியாமி நகரில் டெலிவிஷன் விவாதம். ஜனாதிபதி வேட்பாளராக யாரை நிறுத்துவது என்று ஜனநாயகக் கட்சிக்குள் போட்டி. கமலா திடீரென்று ஜோ பைடன் பக்கம் திரும்பினார். "1970-களில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு பஸ்சில் அனுப்பும் திட்டத்தை நீங்கள் எதிர்த்தீர்கள். அந்த பஸ்சில் தினமும் போன ஒரு சிறுமி நான்தான்" என்ற பொருள்பட ஒரு போடு போட்டார். பைடன் திணறிப்போனார். "மத்திய அரசு கட்டாயப்படுத்துவதைத்தான் எதிர்த்தேன், உள்ளூரில் முடிவு செய்துகொள்வதை எதிர்க்கவில்லை" என்று சமாளித்தார். சில மணி நேரத்துக்குள் கமலாவின் சிறுவயதுப் போட்டோ போட்ட பனியன் விற்பனைக்கு வந்துவிட்டது!

ஆனால் ஒரு வாரத்துக்குள் கமலாவிடமே "இன்றைக்கு மத்திய அரசு கட்டாயப்படுத்த வேண்டுமா?" என்று கேட்டபோது, "அந்தந்த ஊர் யோசித்துப் பார்க்க வேண்டிய வழிகளில் அதுவும் ஒன்று" என்கிற மாதிரிதான் பதில் வந்தது. அப்படியானால் பைடன் சொன்னதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பஸ்சில் போனவருக்கே பளிச்சென்று பதில் சொல்ல முடியாத விவகாரம் இது!

பேட்டைப் பள்ளிக்கூடம்

அங்கே "பப்ளிக் ஸ்கூல்" என்றால் நம் ஊரைப்போல கோட்டு, டை மாட்டி கட்டணம் கட்டிப் படிக்கும் பள்ளி அல்ல. மக்கள் வரிப்பணத்தில் நடக்கிற இலவசப் பள்ளிக்கூடம். பெரும்பாலான ஊர்களில் எந்தத் தெருவில் குடியிருக்கிறாயோ அந்தப் பேட்டைப் பள்ளியில்தான் சேர வேண்டும். பள்ளிக்கூடச் செலவில் பெரும் பங்கு அந்த வட்டாரத்து வீட்டு வரியிலிருந்து வருகிறது. பங்களாக்கள் நிறைந்த பக்கம் என்றால் வரி கொட்டும். ஓட்டு வீடும் ஒண்டிக்குடித்தனமுமாக இருந்தால் எங்கே கொட்டும்? "இது சரியா?" என்று டெக்சாஸ் மாநிலத்து ஏழைப் பெற்றோர்கள் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்கள். 1973-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் தோற்றார்கள்.

இதற்கெல்லாம் முன்னால், தென் மாநிலங்களில் சட்டமே போட்டுப் பிரித்து வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைக்கு ஒரு பள்ளி, கறுப்புப் பிள்ளைக்கு வேறு பள்ளி. நடு மாநிலமான கன்சாசில் டொபீகா என்ற ஊர். அங்கே லிண்டா பிரவுன் என்ற சிறுமியின் வீட்டுக்கு அருகிலேயே பள்ளிக்கூடம் இருந்தது. அது வெள்ளையருக்கு! லிண்டா ரெயில்வே யார்டைக் கடந்து நடந்து போய், பஸ் பிடித்து, தூரத்திலிருந்த கறுப்பர் பள்ளிக்குப் போனாள். அப்பா வழக்குப் போட்டார். இன்னும் நாலு ஊர் வழக்குகளையும் ஒன்றாகச் சேர்த்து, 1954 மே 17-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. நிறத்தைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தைப் பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம்! 9 நீதிபதிகளும் ஒரே குரல்.

பாருங்கள், கதையின் ஆரம்பத்திலேயே பஸ் இருக்கிறது. கறுப்புப் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளியைத் தாண்டி வெகு தூரம் பஸ்சில் அனுப்பிய காலமெல்லாம் யாரும் கல்லெடுக்கவில்லை.

பள்ளிக்கே பூட்டு!

தீர்ப்பு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? அதுதான் இல்லை.

1957-ல் லிட்டில் ராக் ஊரில் 9 கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் கொண்டு போய் விட, ஜனாதிபதி ஐசனோவர் ராணுவத்தையே அனுப்ப வேண்டியிருந்தது. அது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதைவிடக் கொடுமை வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்டு என்ற மாவட்டத்தில் நடந்தது.

அங்கே கறுப்பர் பள்ளியில் இடமில்லாமல், தார்க்காகிதம் வேய்ந்த கொட்டகையில் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள். 1951-ல் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி கிளம்பினாள். தலைமை ஆசிரியரைத் தந்திரமாக வெளியே அனுப்பிவிட்டு, மாணவர்களைக் கூட்டிப் பேசி, ஸ்டிரைக் செய்ய வைத்தாள். சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன அந்த 5 வழக்குகளில் இதுவும் ஒன்று.

கோர்ட்டில் ஜெயித்தார்கள். மாவட்ட நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? "சேர்ந்து படிக்கத்தானே வேண்டும்? பள்ளிக்கூடமே கிடையாது, போங்கள்!" என்று 1959-ல் மாவட்டத்தில் உள்ள அத்தனை அரசுப் பள்ளிகளையும் இழுத்துப் பூட்டிவிட்டது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு நன்கொடை திரட்டித் தனியார் பள்ளி தொடங்கினார்கள். கறுப்புப் பிள்ளைகளுக்கு? ஒன்றுமில்லை. ஒரு நாளல்ல, ஒரு மாதமல்ல, ஏறத்தாழ 5 வருஷம்! சில பெற்றோர்கள் வெளியூர் உறவினர் வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பினார்கள். வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள் வயல் வேலைக்குப் போனார்கள். ஆறு வயசில் 'அ'னா எழுத வேண்டிய குழந்தை பதினோரு வயசில்தான் பள்ளிக்கூடத்தின் உள்ளேயே கால் வைத்தது. 1964-ல் சுப்ரீம் கோர்ட்டு மறுபடி தலையிட்ட பிறகுதான் பூட்டு திறந்தது.

படிப்பை இழந்த அந்தத் தலைமுறைக்காக 2004-ல் வர்ஜீனியா சட்டசபை உபகாரச் சம்பளம் ஏற்படுத்தியது. பேரன் பேத்தி எடுத்த வயதில் போய்ப் பரீட்சை எழுதினவர்கள் உண்டு.

ஒரே ஆள், மூன்று ஊர்

கோர்ட்டு பூட்டைத் திறப்பதற்கு முன்னால், 1963-ல், கென்னடி அரசின் முயற்சியில் தனியார் பணம் திரட்டி அந்தக் கறுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு தற்காலிகப் பள்ளி அமைப்பு தொடங்கினார்கள். அதை நடத்த வந்தவர் நீல் சல்லிவன் என்ற வெள்ளைக்கார அதிகாரி. எழுதப் படிக்கத் தெரியாத பெரிய பிள்ளைகளையும் அரிச்சுவடிக்காரர்களையும் ஒரே கூரையின் கீழ் பார்த்தவர் அவர்.

அங்கிருந்து நேராக எங்கே போனார்? பெர்க்லிக்கு! 1964-ல் அந்த ஊர்ப் பள்ளிகளுக்குத் தலைமை அதிகாரியானார்.

பெர்க்லியில் சட்டம் போட்டு யாரையும் பிரிக்கவில்லை. ஆனால் மலைச்சரிவில் வசதியான வெள்ளையர் வீடுகள். கீழே கடலோரச் சமவெளியில் உழைப்பாளிகள், பெரும்பாலும் கறுப்பர்கள். பேட்டை பிரிந்தால் பள்ளியும் தானாகப் பிரிகிறது. நடுநிலைப் பள்ளிகளைக் கலக்க முடிவு செய்தபோதே எதிர்ப்பு கிளம்பியது. போர்டு உறுப்பினர்களைப் பதவியிலிருந்து இறக்க 1964-ல் ஒரு ஓட்டெடுப்பே நடந்தது. ஆனால் உறுப்பினர்கள் ஜெயித்தார்கள்.

1968-ல் கோர்ட்டு உத்தரவு எதுவும் இல்லாமலே தொடக்கப் பள்ளிகளையும் கலந்தார்கள். இதில் ஒரு நியாயம் இருந்தது. 3-ம் வகுப்பு வரை கீழ்ப்பேட்டைப் பிள்ளைகள் பஸ் ஏறி மேலே போக வேண்டும். 4-ம் வகுப்பிலிருந்து மேட்டுப் பிள்ளைகள் பஸ் ஏறிக் கீழே வர வேண்டும். அலைச்சல் இரண்டு பக்கத்துக்கும் உண்டு! சுமார் 3,500 பிள்ளைகள் தினமும் பஸ் ஏறினார்கள்.

திட்டம் வந்து இரண்டாவது வருஷம் அந்த பஸ்சில் ஏறியவர்தான் கமலா. தவுசண்ட் ஓக்ஸ் என்ற பள்ளி. 1963-ல் அங்கே கறுப்புப் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். திட்டத்துக்குப் பிறகு பத்துக்கு நாலு பேர் கறுப்புப் பிள்ளைகள். கல் விழவில்லை. போலீஸ் காவல் தேவைப்படவில்லை.

சல்லிவன் அடுத்துப் போன இடம் எது என்கிறீர்கள்? மசாசூசெட்ஸ் மாநிலக் கல்விக் கமிஷனர் பதவி. அந்த மாநிலத்தின் தலைநகரம்தான் பாஸ்டன்! அங்கே அவர் பருப்பு வேகவில்லை. 1972-ல் பதவியை விட்டுப் போனார்.

பாஸ்டனில் நடந்தது என்ன?

பாஸ்டனில் தேர்தலில் ஜெயித்து வந்த பள்ளிக் கமிட்டிதான் ராஜா. "எங்கள் ஊரில் பிரிவினையே இல்லை, அவரவர் பேட்டையில் படிக்கிறார்கள்" என்று 1963 முதல் சாதித்தது. லூயிஸ் டே ஹிக்ஸ் என்ற அம்மையார் அதில் பிரபலம். மேயர் தேர்தலுக்கே நின்று பார்த்தவர்.

கறுப்பினப் பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். நீதிபதி கேரிட்டி விசாரித்தபோது பூனைக்குட்டி வெளியே வந்தது. ஒரு வேலையைக் கேளுங்கள். கறுப்பர் பக்கத்து நடுநிலைப் பள்ளிகள் 8-ம் வகுப்போடு முடியும். அந்தப் பிள்ளைகள் 9-ம் வகுப்பில் சேரும்படி சில உயர்நிலைப் பள்ளிகள். வெள்ளையர் பக்கத்தில் நடுநிலை 9-ம் வகுப்பு வரை. அவர்கள் 10-ம் வகுப்பில் சேரும்படி வேறு உயர்நிலைப் பள்ளிகள். வாசலில் "கறுப்பருக்கு இடமில்லை" என்று போர்டு மாட்டவில்லை. வகுப்புக் கணக்கிலேயே வேலையை முடித்துவிட்டார்கள்! ஒரு பள்ளியில் நெருக்கடி, பக்கத்துப் பள்ளியில் காலி பெஞ்சு. ஆனாலும் பிள்ளைகளை மாற்றமாட்டார்கள்.

1974 ஜூன் 21-ந்தேதி கேரிட்டி தீர்ப்பளித்தார். கமிட்டி வேண்டுமென்றே பிரித்து வைத்தது நிரூபணமாகிவிட்டது; செப்டம்பரிலேயே கலக்க வேண்டும் என்றார். சவுத் பாஸ்டனும் ராக்ஸ்பரியும் ஜோடி சேர்க்கப்பட்டன.

பள்ளி திறக்க 3 நாள் இருக்கும்போது, செப்டம்பர் 9-ந்தேதி எதிர்ப்பாளர் கூட்டத்தில் பேச வந்தார் எட்வர்டு கென்னடி. சுட்டுக் கொல்லப்பட்ட ஜனாதிபதி கென்னடியின் தம்பி, அந்த மாநில செனட்டர், அதே அயர்லாந்து வம்சம். அவர் மீதே தக்காளி, முட்டை பறந்தது. பேச விடாமல் விரட்டினார்கள். அவர் தப்பி ஓடி நுழைந்த கட்டிடத்துக்குப் பெயர் ஜான் எப்.கென்னடி கட்டிடம்! அண்ணன் பெயர் தாங்கிய கட்டிடத்தின் கண்ணாடி நொறுங்கி விழுந்தது.

ரகளை ஒரு வாரத்தில் ஓயவில்லை. டிசம்பரில் சவுத் பாஸ்டன் பள்ளிக்குள் ஒரு வெள்ளை மாணவன் கத்தியால் குத்தப்பட்டான். கும்பல் பள்ளியைச் சூழ்ந்துகொண்டது. 1976 ஏப்ரல் 5-ந்தேதி, நகரசபைக் கட்டிடத்துக்கு ஏதோ கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த டெட் லேண்ட்ஸ்மார்க் என்ற கறுப்பின வக்கீலை மாணவர் கும்பல் அடித்தது. ஒருவன் தேசியக் கொடிக் கம்பாலேயே அவரைக் குத்த ஓங்கினான். அந்தக் கணத்தை ஸ்டான்லி போர்மன் என்ற போட்டோகிராபர் படம் பிடித்துவிட்டார். மறு வருஷம் புலிட்சர் பரிசு. வக்கீலுக்கு மூக்கு உடைந்தது.

ஏழைக்கும் ஏழைக்கும்

கல்லெறிந்தவர்களை நியாயப்படுத்த முடியாது. ஆனாலும் சவுத் பாஸ்டன்காரர்களின் ஒரு பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். அவர்கள் கூலி வேலைக்காரர்கள், துறைமுகத் தொழிலாளிகள். அவர்கள் பள்ளிக்கூடமும் ஒன்றும் ஒசத்தியில்லை. "ஓட்டைப் பள்ளிக்கும் ஓட்டைப் பள்ளிக்கும் பிள்ளைகளை மாற்றுகிறீர்கள். உத்தரவு போட்ட நீதிபதி எங்கே குடியிருக்கிறார்? ஊருக்கு வெளியே வெல்ஸ்லி என்ற பணக்காரப் புறநகரில்! அவர் பேட்டைக்கு ஏன் பஸ் போகவில்லை?" என்று கேட்டார்கள்.

பஸ் அங்கே போகாததற்குக் காரணம் இன்னொரு தீர்ப்பு. டெட்ராய்ட் நகரத்தோடு 53 புறநகர்ப் பள்ளி வட்டாரங்களையும் சேர்த்துத்தான் பிள்ளைகளைக் கலக்க முடியும் என்று அங்குள்ள நீதிபதி உத்தரவிட்டிருந்தார். 1974 ஜூலை 25-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை 5-க்கு 4 என்று தள்ளிவிட்டது. புறநகர் தப்புச் செய்ததாக நிரூபித்தால் ஒழிய, எல்லையைத் தாண்டி பஸ் போகக்கூடாது! 1954-ல் வக்கீலாக நின்று ஜெயித்த தர்குட் மார்ஷல், இப்போது அதே கோர்ட்டில் நீதிபதி. கடுமையாக மறுத்து எழுதினார். பலனில்லை.

அப்புறம் என்ன? வசதியுள்ள வெள்ளையர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் வீடு வாங்கிப் போனார்கள். சிலர் தனியார் பள்ளிக்குப் போனார்கள். பாஸ்டன் அரசுப் பள்ளிகளில் பாதிக்கு மேல் இருந்த வெள்ளைப் பிள்ளைகள் இன்று ஆறு, ஏழு பேருக்கு ஒருவர்.

அப்படியானால் திட்டம் தோல்வியா? பாஸ்டனை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். தெற்கைப் பார்க்க வேண்டும். வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள பள்ளியில் படித்த கறுப்புப் பிள்ளைகள் அங்கே 1964-ல் நூற்றுக்கு 2 பேர். 1988-ல் 43 பேர்! கலந்து படித்த கறுப்புப் பிள்ளைகள் கூடுதலாகப் படித்தார்கள், கூடுதலாகச் சம்பாதித்தார்கள், உடல்நலம்கூட மேம்பட்டது, வெள்ளைப் பிள்ளைகளுக்கு நஷ்டம் எதுவும் இல்லை என்று பெர்க்லி பேராசிரியர் ரக்கர் ஜான்சன் பல்லாயிரம் பேரின் வாழ்க்கையைத் தொடர்ந்து கணக்குப் பார்த்து 2019-ல் புத்தகம் எழுதினார்.

கறுப்பர் பக்கத்திலும் மனத்தாங்கல் உண்டு. இரண்டு பள்ளியை ஒன்றாக்கும்போது மூடப்பட்டது பெரும்பாலும் கறுப்பர் பள்ளி. தென் மாநிலங்களிலும் எல்லை மாநிலங்களிலும் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்கள், தலைமை ஆசிரியர்களுக்கு வேலை போயிற்று. பிள்ளைக்குப் பள்ளி கிடைத்தது, வாத்தியாருக்கு வீடு!

இப்போது யார் சண்டை?

கோர்ட்டு பின்வாங்க ஆரம்பித்தது. 2007-ல் சியாட்டில், லூயிவில் ஊர் வழக்குகளில் 5-க்கு 4. எந்தப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்று முடிவு செய்ய, அந்தப் பிள்ளையின் நிறத்தைப் பார்க்கக்கூடாது என்றார்கள். 1954 தீர்ப்பின் பெயரைச் சொல்லியே இரண்டு தரப்பு நீதிபதிகளும் மல்லுக்கட்டினார்கள்.

பெர்க்லிக்காரர்கள் அதற்கு முன்பே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஊரை 445 துண்டுகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு துண்டும் சில தெருக்கள்தான். அந்தத் துண்டில் சராசரி வருமானம் என்ன, பெற்றோர் படிப்பு என்ன, எந்த இனத்தவர் எவ்வளவு என்று கணக்கு. பிள்ளையின் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், தெருவைப் பார்ப்பார்கள். 2009-ல் மாநிலக் கோர்ட்டு "இது செல்லும்" என்றது.

இன்னொரு சண்டை நம்மவர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. வர்ஜீனியாவில் தாமஸ் ஜெபர்சன் விஞ்ஞான உயர்நிலைப் பள்ளி. அரசுப் பள்ளிதான், ஆனால் நாட்டிலேயே முதல் வரிசை. நுழைவுத் தேர்வு எழுதி உள்ளே போனவர்களில் நூற்றுக்கு 70-க்கு மேல் ஆசிய வம்சாவளி, அதில் இந்தியப் பிள்ளைகள் ஏராளம். அதற்கு டியூஷன் சென்டர் எல்லாம் எப்படி என்று நம் ஊர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. 2020-ல் நுழைவுத் தேர்வை ஒழித்தார்கள். ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலிருந்தும் குறிப்பிட்ட இடம் என்று ஒதுக்கினார்கள். அடுத்த வருஷமே ஆசியப் பிள்ளைகள் 54 சதவீதம் ஆனார்கள். மிகக் குறைவாக இருந்த கறுப்புப் பிள்ளைகள் 7 சதவீதம் ஆனார்கள்.

"ராப்பகலாகப் படித்த பிள்ளைக்கு இது என்ன நீதி?" என்று இந்தியப் பெற்றோர் உள்பட பலர் வழக்குப் போட்டார்கள். "டியூஷனுக்குக் காசில்லாத பேட்டையிலும் புத்திசாலிப் பிள்ளை இருக்காதா?" என்றது எதிர்த்தரப்பு. கீழ்க்கோர்ட்டில் பெற்றோர் பக்கம் தீர்ப்பு. மேல்கோர்ட்டில் 2023-ல் பள்ளி பக்கம். 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு வழக்கை எடுக்க மறுத்துவிட்டது.

பாஸ்டனில் கேரிட்டி 1985-ல் பள்ளிகளைக் கமிட்டியிடமே திருப்பிக் கொடுத்தார். நிறம் பார்த்துப் பள்ளி ஒதுக்குவது 2000-க்குள் நின்றுபோயிற்று. ஆனால் ஒரு பஸ் மட்டும் நிற்கவில்லை. 'மெட்கோ' என்று பெயர். கலவரத்துக்கு 8 வருஷம் முன்பே, 1966-ல், கறுப்பினப் பெற்றோர்களே முன்னின்று, கோர்ட்டு இல்லாமல் தொடங்கியது. பணக்காரப் புறநகர்ப் பள்ளிகள் தாமாக முன்வந்து நகரத்துப் பிள்ளைகள் சிலருக்கு இடம் கொடுக்கின்றன. முதல் வருஷம் 220 பேர். இப்போது 3,000-க்கும் மேல். விடியும் முன்னே எழுந்து, தூக்கக் கலக்கத்தோடு பஸ் ஏறுகிறார்கள்.

ஒரு வழிப் பாதைதான். புறநகரிலிருந்து நகரத்துக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு மெட்கோவில் பஸ் கிடையாது.